பதநீரில் எவ்வளவு சீனி? ஒரு போன், ஒரு துண்டு பிலிம், ஒரு கண்ணாடிக் குவளை போதும்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளை வரைக்கும் ரோட்டோரம் பதநீர் விற்பனை தொடங்கிவிடும். பட்டையில் வாங்கி ஒரு வாய் குடித்ததுமே "இன்னைக்கு நல்லா இனிப்பா இருக்கு", "லேசா புளிப்பு அடிக்கு" என்று சொல்லிவிடலாம், நாக்கு அந்த மட்டுக்கும் கெட்டிதான். ஆனால் 100 மில்லியில் எத்தனை கிராம் சீனி என்று கேட்டால் நாக்கு என்ன செய்யும்? அதற்குத்தான் கையடக்கமான பிரிக்ஸ் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒரு சொட்டு விட்டால் எண் வந்துவிடும். அவசரத்துக்கு அது போதும், நானும் மறுக்கவில்லை. அதில் ஒரே ஒரு குறை: தண்ணீரில் கரைந்து கிடக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். சீனியும் அதில்தான், சீனி உடைந்து வந்த குளுக்கோஸ், பிரக்டோஸும் அதில்தான், உப்பும் சுண்ணாம்பும் அதில்தான். பதநீர் நல்ல நிலையில் இருக்கிறதா, கள்ளாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டதா என்று அதை வைத்துச் சட்டென்று சொல்ல முடியாது. ஒளியைத் திருப்பி அளக்கிற முறையில் அது தெரிந்துவிடும். வீட்டிலேயே செய்யலாம், பெரிய செலவு கிடையாது.

விஷயம் இதுதான். சாதாரண வெளிச்சத்தில் அலைகள் எல்லாத் திசையிலும் அதிரும். போலரைசர் என்கிற பிலிம் அதில் ஒரு திசையில் அதிர்வதை மட்டும் விட்டு மற்றதை விழுங்கிவிடும். அப்படி ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி சீனிக் கரைசலுக்குள் போனால், வெளியே வரும்போது அந்தத் தளம் கொஞ்சம் திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டைப் பொறுத்தது: கரைசலில் சீனி எவ்வளவு, ஒளி கரைசலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது. சீனி இரண்டு மடங்கானால் கோணமும் இரண்டு மடங்கு, ஆழம் இரண்டு மடங்கானாலும் அப்படியே. திரவங்களுக்கு இந்தக் குணம் உண்டு என்று பிரான்சில் பியோ என்பவர் 1815ல் கண்டுபிடித்தார். தண்ணீரில் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் கண்டபடி கிடக்கின்றனவே, ஒன்று வலப்பக்கம் திருப்பினால் இன்னொன்று இடப்பக்கம் திருப்பிச் சரிக்கட்டிவிடாதா என்று தோன்றும். தோன்ற வேண்டும், நல்ல கேள்வி. திருகாணியை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும், தலைகீழாகக் கவிழ்த்தாலும், அதன் மரை ஒரே பக்கம்தான் சுற்றும், சீனி மூலக்கூறும் அப்படித்தான். எப்படிக் கிடந்தாலும் அதன் மரை மாறாது.

புத்தகக் கணக்கு ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், அதாவது 589 நானோமீட்டரில், ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சீனி 66.5 டிகிரி வலப்பக்கம் திருப்பும். குளுக்கோஸ் 52.7 டிகிரி வலம். பிரக்டோஸ் 92 டிகிரி இடம். இந்த மூன்று எண்ணுக்குள்தான் பதநீர், தேன், கருப்பட்டி எல்லாக் கதையும் அடங்கியிருக்கிறது.

சரி, சாமான்களுக்கு வருவோம். முதலில் பிலிம். செத்துப்போன கால்குலேட்டர், உடைந்த எல்சிடி மானிட்டர், டிவி எல்லாவற்றிலும் இது உண்டு. டிவி சர்வீஸ் கடைக்குப் போய் "அண்ணாச்சி, உடைஞ்ச பேனல் எதுவும் கிடக்கா?" என்று கேட்டால் போதும், அவர்களுக்கு அது இடத்தை அடைக்கிற குப்பை, சும்மாவே தந்துவிடுவார்கள். கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும், மூலையில் பிளேடு விட்டுக் கிளப்பி மெதுவாக உரிக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு கையைக் கிழிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். உரித்த பிலிமில் பிசின் இருந்தால் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுத் துடையுங்கள். பிசின் அப்படியே இருந்தால் பார்வை மங்கும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதையும் வைத்துச் செய்யலாம். தியேட்டரில் கொடுக்கிற 3டி கண்ணாடி மட்டும் வேண்டாம், அதில் பெரும்பாலும் வேறு வகைப் பிலிம், ஒரு பக்கமாகப் பார்த்தால் வேலை செய்யும், மறுபக்கம் செய்யாது, தலை சுற்றிவிடும்.

வெளிச்சத்துக்குப் போன் ஸ்கிரீனே போதும். ஸ்கிரீனிலிருந்து வருகிற ஒளி பெரும்பாலும் ஏற்கெனவே ஒரே தளத்தில்தான் அதிரும், அதனால் முதல் போலரைசர் இலவசம். போனைப் படுக்கவைத்து, பிலிமை மேலே பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஸ்கிரீன் கன்னங்கரேல் என்று அணைய வேண்டும். அப்படி அணையாமல் நிறம் மட்டும் லேசாக மாறுகிறதென்றால் அந்தப் போன் இதற்கு ஆகாது. கூலிங் கிளாஸ் போட்டவருக்கும் தெரிய வேண்டுமென்று சில போன்களில் மேலே இன்னொரு அடுக்கு வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும், கண்ணாடி கார்டு பரவாயில்லை. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் டார்ச்சுக்கு மேலே வெள்ளைத் தாள், அதற்கு மேலே ஒரு துண்டுப் பிலிம், அவ்வளவுதான்.

ஸ்கிரீனில் முழுப் பச்சை நிறப் படம் ஒன்று, முழுச் சிவப்புப் படம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் செய்யாதீர்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு திரும்பும், நீலம் அதிகம், சிவப்பு குறைவு. வெள்ளை ஒளியில் கெட்டிப் பாகை வைத்துப் பிலிமைச் சுற்றினால் நீலம், ஊதா, ஆரஞ்சு என்று மாறி மாறி வரும், பிள்ளைகளுக்குக் காட்ட ரொம்ப நன்றாக இருக்கும், ஆனால் இருட்டு எங்கே என்று தேடினால் கிடைக்காது. பிரைட்னெஸ் முழுசாக இருக்கட்டும், தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதியை அணைத்துவிடுங்கள்.

குவளை கண்ணாடியாக இருக்க வேண்டும், அடி தட்டையாக, 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரமாக. பேன்சி ஸ்டோரில் பூ வைக்கிற நீளக் குவளை கிடைக்கும், 4 சென்டிமீட்டர் அகலம் என்றால் கால் லிட்டரில் 20 சென்டிமீட்டர் நிரம்பிவிடும், கணக்குக்கும் தோதாக இருக்கும். பிளாஸ்டிக் டம்ளர் கூடவே கூடாது. அச்சில் வார்க்கும்போது பிளாஸ்டிக்கில் இறுக்கம் நின்றுபோயிருக்கும், அது தன் பங்குக்கு ஒளியைக் குழப்பும், பிலிம் வழியாகப் பார்த்தால் வண்ண வண்ணமாகக் கோலம் போட்டதுபோல் தெரியும். கண்ணாடியிலும் மட்டமானது என்றால் அடிப்பக்கம் இப்படித் திட்டுத் திட்டாக இருக்கலாம், வாங்கும்போதே பிலிமும் போனும் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. குவளையைச் சுற்றிக் கறுப்புத் தாள் சுற்றிவிடுங்கள்.

இப்போது மேலே வைக்கிற பிலிம். வேலையே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரே துண்டுப் பிலிமை வைத்து "எங்கே ரொம்ப இருட்டு" என்று தேடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் இருட்டின் அடியில் நாலைந்து டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். அதே கண்ணுக்கு இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மங்கல் என்று கேட்டால் அபாரமாகச் சொல்லிவிடும். பழைய கருவிகள் எல்லாம் இந்தச் சூட்சுமத்தில்தான் செய்யப்பட்டவை. நாமும் செய்யலாம். 4 சென்டிமீட்டர் சதுரப் பிலிமை நடுவில் நேராக இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியின் வெட்டிய ஓரத்திலிருந்து, மேலே ஒன்றுமில்லாமல் தொடங்கிக் கீழே வரவர அகலமாகிற மாதிரி, 10 டிகிரிக்கு ஒரு ஆப்பைச் சீவி எடுத்துவிடுங்கள். 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு அடியில் 7 மில்லிமீட்டர் அகலம் என்றால் 10 டிகிரி. சீவிய ஓரத்தை மறுபாதியின் ஓரத்தோடு இடைவெளியில்லாமல் சேர்த்து, ஓரங்களில் மட்டும் டேப் ஒட்டுங்கள். பார்க்கிற இடத்தில் டேப் வரக் கூடாது, டேப்பும் ஒளியைக் குழப்புகிற சாதிதான். இனி இதைப் போன்மேல் வைத்துச் சுற்றினால் ஒரு இடத்தில் இடப்பாதி இருட்டாகும், கொஞ்சம் தள்ளி வலப்பாதி இருட்டாகும், இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நிலையில் இரண்டு பாதியும் ஒரே மங்கலாகி நடுக்கோடு மறைந்துபோகும். அந்தக் கோடு மறைகிற இடம்தான் உங்கள் அளவு. ஒரு டிகிரி நகர்த்தினாலே கோடு திரும்பத் தெரிந்துவிடும்.

இந்தப் பிலிமை வட்ட அட்டையில் ஓட்டை போட்டு ஒட்டி, ஒரு ஊசிமுனை வரைந்துகொள்ளுங்கள். 360 டிகிரி வட்டம் ஒன்றை பிரிண்ட் எடுத்து, நடுவை வெட்டிவிட்டு, குவளை வாய்மேல் நகராமல் நிற்கிறபடி ஒரு அட்டைக் காலரில் ஒட்டுங்கள். வட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, கைக்கு அடங்கினால் 20 சென்டிமீட்டர் அகலம்வரை போகலாம். போன், குவளை, வட்டம் மூன்றும் நகராமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். குவளையைக் கழுவ எடுத்தால் திரும்ப வைக்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெறும் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, தெளிவாக இருந்தால் சரி. 20 சென்டிமீட்டர் ஊற்றி, குமிழி அடங்கியதும் நேர் மேலிருந்து பார்த்துக் கோடு மறைகிற இடத்தைக் குறியுங்கள். அதுதான் பூஜ்யம். அப்புறம் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சீனிக் கரைசலை ஊற்றிப் பாருங்கள், இருட்டாக இருந்த பாதிகள் வெளுத்துப்போய் நடுக்கோடு பளிச்சென்று தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் "பிலிம் நகந்துட்டு" என்பார்கள். நகரவில்லை, ஒளிதான் திரும்பியிருக்கிறது. மேலிருந்து பார்க்கையில் கடிகாரம் சுற்றுகிற பக்கம் பிலிமைத் திருப்பினால் கோடு மறுபடி மறையும். அந்தப் பக்கம்தான் வலம்.

புத்தக எண்ணை அப்படியே நம்பி அளக்காதீர்கள். அது சோடியம் ஒளிக்கு உள்ளது, உங்கள் ஸ்கிரீன் பச்சை வேறு. கடையில் வாங்கிய வெள்ளைச் சீனியே நமக்கு அளவுகோல், அது கிட்டத்தட்டச் சுத்தமான சுக்ரோஸ்தான். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பாட்டிலை வைத்து 250 கிராம் தண்ணீர் ஊற்றி மட்டத்தில் கோடு போடுங்கள், அது 250 மில்லி. தண்ணீரைக் கொட்டிவிட்டு 25 கிராம் சீனி போட்டு, பாதித் தண்ணீரில் கரைத்து, அப்புறம் கோடு வரைக்கும் நிரப்புங்கள். 250 மில்லித் தண்ணீரில் 25 கிராம் போடுவது வேறு, கரைசல் மொத்தம் 250 மில்லி வருவது வேறு, நிறையப் பேர் கவிழ்கிற இடம் இது. இதேபோல் 50 கிராம், 75 கிராம் என்று இன்னும் இரண்டு கரைசல் செய்யுங்கள். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் கரைசல், மஞ்சள் சோடியம் ஒளியில் 13.3 டிகிரி திருப்ப வேண்டும். ஸ்கிரீன் பச்சையில் சுமார் 16, சிவப்பில் 11லிருந்து 12க்குள் வரும். மூன்று கரைசலையும் கிராப் தாளில் குறித்தால் பூஜ்யத்திலிருந்து கிளம்புகிற நேர்கோடாக வர வேண்டும். வளைந்தால் தராசையோ கரைத்த விதத்தையோ சந்தேகப்படுங்கள், சீனியைச் சந்தேகப்படாதீர்கள். பச்சையில் ஒரு டிகிரிக்கு எத்தனை கிராம் என்று அந்தக் கோடு சொல்லும், சிவப்புக்குத் தனிக் கோடு. அரை டிகிரி துல்லியம் வந்தால் 100 மில்லிக்குக் கால் கிராமிலிருந்து அரைக் கிராமுக்குள் பிசகு, வீட்டு வேலைக்கு இது தாராளம்.

ஒரு எச்சரிக்கை. பிலிமுக்கு 180 டிகிரி சுற்றினாலும் ஒரே நிலைதான். அதனால் கெட்டிப் பாகில் 112 டிகிரி வலம் திரும்பியதும் 68 டிகிரி இடம் திரும்பியதும் பார்வைக்கு ஒன்றே. சந்தேகம் வந்தால் கரைசலைப் பாதி உயரத்துக்குக் குறைத்துப் பாருங்கள். 56 டிகிரி வலத்தில் வந்தால் முதலாவது, 34 டிகிரி இடத்தில் வந்தால் இரண்டாவது.

இனிப் பதநீர். காலையில் இறக்கியதைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள், கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அடியில் படியும். மேலாக உள்ளதை மட்டும் எடுத்து, நாலாக மடித்த வேட்டித் துணியிலும் பிறகு காபி பில்டர் தாளிலும் வடிகட்டுங்கள். வடிகட்டியும் கலங்கலாகத்தான் இருக்கும். 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒளி வரவில்லை என்றால் 10 சென்டிமீட்டரில் பாருங்கள், கோணத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டால் ஆயிற்று. பழைய ஆய்வகங்களில் தெளிய வைக்க ஈய உப்பு போடுவார்கள், அது விஷம், வீட்டுப் பக்கமே வேண்டாம். சுண்ணாம்பு அதிகம் கரைந்திருந்தால் சுழற்சி கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். 10 சென்டிமீட்டரில் சிவப்பு ஒளியில் 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வந்தால் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 11 கிராம் சீனி என்று அர்த்தம். நல்ல பதநீர் சுமார் இந்த மட்டத்தில் இருக்கும்.

ருசியான பகுதி இனிமேல்தான். அதே பதநீரில் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கியது கொஞ்சம் கிடைத்தால் ஒரு பாட்டிலில் மூடியை இறுக்காமல் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். இறுக்கி மூடினால் வெடிக்கும். இது ஆராய்ச்சிதான், வேறு நோக்கம் எதுவும் இல்லை என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஈஸ்ட் முதலில் சுக்ரோஸை உடைத்துக் குளுக்கோஸும் பிரக்டோஸுமாக்கும், பிறகுதான் சாராயம். உடைகிற அந்தக் கட்டத்தில் பிரிக்ஸ் மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், கரைந்த சரக்கின் எடை குறையவில்லையே. நம்ம கோணமோ சரசரவென்று இறங்கும், ஏனென்றால் பிரக்டோஸ் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு எண்ணும் விலகத் தொடங்கினால் பதநீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை ஆலைகளில் பிரிக்ஸ், போல் என்று இரண்டு எண் சொல்வார்கள், கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும். போல் என்பது இந்தச் சுழற்சி அளவுதான். 100 மில்லியில் 26 கிராம், 20 சென்டிமீட்டர் குழாய், சுத்தச் சீனிக்கு 34.6 டிகிரி, அதை 100 என்று வைத்துக்கொள்வார்கள். போலைப் பிரிக்ஸால் வகுத்தால் சாற்றின் சுத்தம் வந்துவிடும்.

பதநீர் கிடைக்காத காலத்தில் எலுமிச்சை வைத்து இதையே பார்க்கலாம். 100 மில்லிக்கு 10 கிராம் சீனிக் கரைசலில் இரண்டு பழம் பிழிந்து, வடிகட்டி, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வற்றிய தண்ணீரை மறுபடி கோடுவரை ஊற்றி அளங்கள். கோணம் குறைந்திருக்கும். லட்டுக்குப் பாகு காய்ச்சும்போது பூக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவதும் இதற்குத்தான். முழுக்க உடைந்தால் சோடியம் ஒளியில் 13.3 டிகிரி வலம் என்பது சுமார் 4 டிகிரி இடமாக மாறும், அது 20 டிகிரி வெப்பத்தில். பிரக்டோஸுக்கு வெப்பம் பட்டால் சுழற்சி குறைந்துவிடும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் இடப்பக்கம் கொஞ்சம் குறைத்தே காட்டும். வெறும் சீனிக்கு இந்தக் கவலை கிடையாது.

தேனில் பிரக்டோஸ் தூக்கல் என்பதால் பூத்தேன் இடப்பக்கம் திருப்பும், ஆனால் சில டிகிரிதான். 100 மில்லிக்கு 25 கிராம் கரைத்து, ராத்திரி முழுக்க வைத்துவிட்டு அளங்கள். வைப்பது எதற்கு என்றால், குளுக்கோஸ் கரைந்தவுடன் 112 டிகிரி என்ற கணக்கில் தொடங்கி, பல மணி நேரத்தில் மெல்ல 52.7க்கு இறங்கும் பழக்கம் உள்ளது. மெடிக்கல் ஷாப் குளுக்கோஸ் பொடியை வடிகட்டி ஊற்றி அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் எண் தானாக இறங்குவது தெரியும். தேன் வலப்பக்கம் நன்றாகத் திருப்பினால் சீனிப் பாகோ மாவுப் பாகோ சேர்ந்திருக்கலாம். ஆனால் உடைத்த சீனிப் பாகைக் கலந்தால் இந்த முறைக்குப் பிடிபடாது.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று பாக்கி: சீனி கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிக்கலாமா? முடியாது. கருப்பட்டியில் இருக்கிற இனிப்பும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், ஒளிக்குப் பனை எது, கரும்பு எது என்று தெரியாது. எத்தனை சதவீதம் சுக்ரோஸ் என்று வேண்டுமானால் அளக்கலாம். 100 மில்லிக்கு 5 கிராம் போதும், அதற்கு மேல் போனால் கறுத்துவிடும். சிவப்பு ஸ்கிரீன் வையுங்கள், பச்சையைக் கருப்பட்டி நிறம் விழுங்கிவிடும். வடிகட்டி, 10 சென்டிமீட்டரில் ஆரம்பித்து, ஒளி தாங்குகிற மட்டும் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.